பெட்டிக்கும் செயலிக்கும் சண்டை வந்தால் காசு கொடுத்தவர் யாரிடம் போவது? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை நகரில் ரிவி விற்றும் திருத்தியும் பிழைக்கிறவன் நான். ஸ்மார்ட் ரிவி, சாதாரண ரிவியோடு பொருத்தி இணையம் வழியாகப் படம் பார்க்கும் அன்ட்ரொய்ட் பொக்ஸ் என்ற பெட்டி, ஸ்டிக் என்று மக்கள் காசு கொடுத்து வாங்கும் கருவிகளில் நேற்றுவரை ஓடிய ஒரு செயலி இன்று நின்றுபோனால், யார் பொறுப்பு என்று கேட்க இந்த நாட்டில் இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்கும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக உங்கள் சபையின் கையில் ஏற்கனவே இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பயன்படுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கடைக்கு வருகிறவர் எவரும் இதை ஒப்பந்தத் தகராறு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "தம்பி, ரிவி பழுதாப் போச்சு" என்றுதான் வருவார்கள். போட்டுப் பார்த்தால் பேனல் நன்றாக இருக்கும், போர்ட் நன்றாக இருக்கும், வைஃபையும் பிடிக்கும். ஒரு செயலியைத் திறந்தால் மட்டும் "இந்தக் கருவியில் இயங்காது" என்று எழுத்து வரும். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் பஸ் ஏறி வருவார். மூதூரிலிருந்து வருகிறவர் அன்றைய உழைப்பை விட்டுவிட்டு வருவார். தவணைக்கு எடுத்த ரிவியில் இன்னும் பாதித் தவணை கட்டாமல் இருக்கும். இவர்களுக்கு நான் எதைத் திருத்திக் கொடுப்பது? சோல்டரிங் அயனால் தொடக்கூடிய இடத்தில் பிழை இல்லையே. எங்கோ இரண்டு கம்பனிகளுக்கு இடையில் புதுப்பிக்காமல் விட்ட ஓர் ஒப்பந்தம், அல்லது புதிய பதிப்பைத் தாங்க முடியாது என்று ஒரு பெட்டி வகையை ஒருவர் கைவிட்ட முடிவு. விற்ற கடைக்காரரைக் கேட்டால் இறக்குமதியாளரைக் காட்டுவார். இறக்குமதியாளர் செயலிக் கம்பனியைக் காட்டுவார். செயலிக் கம்பனிக்கு இங்கே அலுவலகமே இருக்காது.

இது அங்கொன்று இங்கொன்றாக நடப்பதும் இல்லை. 2015 ஒக்டோபரில் அமேசன், தன் இணையக் கடையில், ரிவியோடு பொருத்திப் படம் பார்க்கும் கருவிகளான அப்பிள் ரிவியையும் கூகுளின் குரோம்காஸ்டையும் இனி விற்கப்போவதில்லை என்று அறிவித்தது. தன்னுடைய படச் சேவையான பிரைம் வீடியோ அந்தக் கருவிகளில் சரியாக இணையவில்லை என்பது அமேசன் சொன்ன காரணம். அப்புறம் கூகுளின் முறை. 2017 செப்டெம்பரில் அமேசனின் எக்கோ ஷோ என்ற திரையுள்ள ஸ்பீக்கரிலிருந்து யூரியூப்பை எடுத்தது. 2018 பிறந்ததோடு அமேசனின் ரிவிக் கருவியான ஃபயர் ரிவியிலும் நிறுத்தியது. இரு பக்கமும் இணங்கி, யூரியூப் ஃபயர் ரிவிக்கும் பிரைம் வீடியோ குரோம்காஸ்டுக்கும் வந்தது 2019 ஜூலையில். இடைப்பட்ட ஒன்றரை வருடமும் ஃபயர் ரிவி வைத்திருந்தவர்கள் உலாவி வழியாகச் சுற்றிப் போய்த்தான் யூரியூப் பார்த்தார்கள். கருவிக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

2020 மே 27 அன்று அமெரிக்காவில் எச்.பி.ஓ. மெக்ஸ் என்ற படச் சேவை தொடங்கியபோது, அங்கே வீட்டுக்கு வீடு இருந்த ரோக்கு என்ற ரிவிப் பெட்டியிலும் ஃபயர் ரிவியிலும் அதைப் பார்க்க முடியவில்லை. ஃபயர் ரிவிக்கு நவம்பரிலும் ரோக்குவுக்கு டிசம்பரிலும்தான் வந்தது. பீகொக் என்ற சேவைக்கும் அதே வருடம் இதே கதை. அது 2020 ஜூலையில் நாடு முழுவதும் தொடங்கியது. ரோக்குவுக்கு செப்டெம்பரில் வந்தது. ஃபயர் ரிவியை எட்ட 2021 ஜூன் ஆனது.

இவற்றுள் ரோக்குவுக்கும் கூகுளுக்கும் நடந்த சண்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற சிறு சந்தைக்கு அதில்தான் அதிகம் படிக்க இருக்கிறது. 2021 ஏப்ரல் கடைசியில் ஒப்பந்தம் முடிந்ததும் யூரியூப் ரிவி என்ற கட்டணச் செயலியை ரோக்கு தன் கடையிலிருந்து எடுத்தது. ஏற்கனவே வைத்திருந்தவர்கள் பார்க்கலாம், புதிதாக யாரும் இறக்க முடியாது. சில நாட்களில் கூகுள் சாதாரண யூரியூப் செயலிக்குள்ளேயே யூரியூப் ரிவிக்கு ஒரு வழி வைத்தது. டிசம்பர் 9ஆம் திகதிக்குப் பின் விற்கும் புதிய ரோக்கு பெட்டிகளில் யூரியூப்பே இருக்காது என்ற நிலைவரை விஷயம் போய், அதற்கு முதல்நாள்தான் உடன்பாடு வந்தது. ரோக்குவின் குற்றச்சாட்டு காசைப் பற்றியது அல்ல. தேடல் முடிவுகளில் யூரியூப்புக்கு தனிச் சலுகை கேட்கிறார்கள், கருவியில் இன்ன வன்பொருள் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தப் பார்க்கிறார்கள் என்றது. ரோக்குதான் நேர்மையில்லாமல் பேரம் பேசுகிறது என்றது கூகுள்.

அந்த வன்பொருள் விஷயம் ஏவி1 பற்றியது. ஏவி1 என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை. குறைந்த டேட்டாவில் தெளிவான படம் வரும். டேட்டா காட் போட்டு நாளை எண்ணுகிற குடும்பங்களுக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் அதைத் தடங்கலின்றி விரிக்கப் புதிய சிப் வேண்டும். சிப் மாறினால் மலிவுப் பெட்டியின் விலை ஏறும், பழைய பெட்டி பின்தங்கும். 2022இல் ரூபாய் விழுந்து ஒரு டொலர் 200இலிருந்து 360ஐ எட்டியபோது எங்கள் கடைத்தெருவில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அமெரிக்காவில் சில டொலர் என்று பேசப்படும் வித்தியாசம் இங்கே ஒரு மீனவக் குடும்பம் ரிவியை மாற்றுவதா, பிள்ளையின் டியூசன் காசைக் கட்டுவதா என்று யோசிக்கும் தொகை. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் சல்லி, சாம்பல்தீவு போன்ற எங்கள் ஊர்களை நினைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

ஏன் இப்படிச் சண்டை வருகிறது? பெட்டி செய்கிறவருக்குப் பெட்டியில் பெரிய இலாபம் இல்லை. பெட்டியை அடக்க விலைக்குக் கிட்டக் கொடுத்துவிட்டு, அதன் வழியாக எடுக்கும் சந்தாவிலும் ஓடும் விளம்பரத்திலும் பங்கு கேட்பார். ரோக்கு சந்தாவில் 20 வீதமும் விளம்பர இடத்தில் 30 வீதமும் கேட்பது வழக்கம் என்று அந்த நேரத்துச் செய்திகள் சொல்லின. அப்பிள் தன் கடை வழியாக எடுக்கும் சந்தாவில் முதல் வருடம் 30 வீதமும் அதன் பின் 15 வீதமும் எடுத்துவந்தது. யார் என்ன பார்க்கிறார் என்ற தரவு எவர் கைக்குப் போவது என்பது அதைவிடப் பெரிய இழுபறி. இதில் ஒருவரைக் கள்ளன் என்றும் மற்றவரை அப்பாவி என்றும் நான் சொல்ல வரவில்லை. இருவரும் வியாபாரிகள். விசேஷம் என்னவென்றால், பெட்டி செய்கிறவர்களே சொந்தமாகப் படச் சேவையும் நடத்துகிறார்கள். அமேசனுக்குப் பிரைம் வீடியோ, கூகுளுக்கு யூரியூப், ரோக்குவுக்கு ரோக்கு சனல், அப்பிளுக்கு அதன் பெட்டியின் பெயரிலேயே அப்பிள் ரிவி சேவை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், இறங்குதுறையின் சொந்தக்காரரே பத்துப் படகும் வைத்துக்கொண்டு, எந்தப் படகை எங்கே கட்டுவது, எவருடைய மீன் முதலில் ஏலத்துக்குப் போவது என்பதையும் தானே முடிவு செய்வது போல. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மற்றப் படகுக்காரர்கள் ஒரு சட்டத்தைக் கேட்பார்கள்.

அந்தச் சட்டத்தைச் சில நாடுகள் கேட்டுவிட்டன. உங்கள் கவனத்துக்கு முக்கியமாகக் கொண்டுவர விரும்புவது பக்கத்து நாட்டில் நடந்ததை.

அன்ட்ரொய்ட் ரிவி செய்யும் கம்பனிகள் கூகுளின் பிளே ஸ்டோரை வைக்க வேண்டுமானால் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, கூகுளின் செயலிகளைத் தனித்தனியாக அல்லாமல் தொகுப்பாகவே எடுத்து, கூகுள் சொல்லும் இடத்தில் வைப்பது. மற்றது, அன்ட்ரொய்டைத் திருத்தி உண்டாக்கிய வேறு இயங்குதளத்தில் ஓடும் கருவிகளைச் செய்யாமல் இருப்பது. அமேசனின் ஃபயர் ஓ.எஸ். அப்படித் திருத்தப்பட்டதுதான். ஆகவே ஒரு கம்பனி தன் ஒரு மாடலில் ஃபயர் ரிவி போட்டால், மற்ற மாடல்களில் பிளே ஸ்டோரை இழக்க நேரும் என்ற பயம் இருந்தது. இதை எதிர்த்து இரண்டு பேர் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஜூனில் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் சமரசம் ஆனது. கூகுள் 20.24 கோடி இந்திய ரூபாய் கட்டியது. இந்தியாவில் விற்கும் ரிவிகளுக்கு பிளே ஸ்டோரையும் அதன் சேவைகளையும் கட்டணத்துக்குத் தனியாகவே தரவும், வேறு வகைக் கருவி செய்வதற்கான தடையைத் தளர்த்தவும் ஒப்புக்கொண்டது. இந்தியா 2023இல் திருத்திய போட்டிச் சட்டத்தின் கீழ் முடிந்த முதலாவது சமரச வழக்கு இது.

தென் கொரியா அதற்கு முன்பே, 2021 செப்டெம்பரில், இதே மாதிரித் தடைக்காக கூகுளுக்கு 20,740 கோடி வொன் அபராதம் போட்டது. கைபேசி மட்டுமல்லாமல் கைக்கடிகாரம், ஸ்பீக்கர், ரிவி என்று மற்றக் கருவிகளும் அந்த விசாரணையில் வந்தன. இத்தாலியில், கார் திரைக்குள் மின்சாரக் காருக்கான ஒரு மின்னேற்றச் செயலியை விட மறுத்ததற்காக கூகுளுக்கு 2021 மே மாதம் 10.2 கோடி யூரோ அபராதம். கூகுள் அதை எதிர்த்துப் போன வழக்கில், மற்றவர்களின் செயலிகளுக்காகத் திறந்து வைத்த ஒரு தளத்தில் ஒரு செயலியை மட்டும் விட மறுப்பது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாக ஆகலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2025 பெப்ரவரியில் சொன்னது.

இந்தியாவின் சமரசம் இந்தியாவில் விற்கும் ரிவிகளுக்கு மட்டும். அதே தொழிற்சாலை, அதே மாடல், அதே ரிமோட். இராமேஸ்வரத்துக் கடையில் இருந்தால் ஒரு சட்டம், திருகோணமலைக் கடையில் இருந்தால் சட்டமே இல்லை. நாங்கள் பார்ப்பதும் அவர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் ஒரே தமிழ்ப் படங்கள், ஒரே சீரியல்கள். ஆனால் எங்கள் கருவிகளுக்குள் என்ன ஒப்பந்தம் இருக்கிறது என்று இலங்கையின் எந்த அரச நிறுவனமும் இதுவரை வாய் திறந்து கேட்டதாக நான் அறியவில்லை. இந்தியாவில் அந்த முறைப்பாட்டைக் கொடுத்தது பெரிய கம்பனி ஏதும் இல்லை, இரண்டு தனி மனிதர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்து நியாயத்தையும் நான் மறைக்க மாட்டேன். கருவிக்குச் சான்று கேட்பதில் உண்மையான காரணம் உண்டு. சான்றில்லாத மலிவு அன்ட்ரொய்ட் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே நச்சு நிரல் ஏற்றி அனுப்பும் கூட்டம் இருக்கிறது. பேட்பொக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட அப்படிப்பட்ட வலைப்பின்னலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் அகப்பட்டிருந்ததாகச் சொல்லி கூகுள் 2025 ஜூலையில் நியூயோர்க்கில் வழக்குப் போட்டது. அதற்கு முந்திய மாதம் அமெரிக்க எஃப்.பி.ஐ.யும் எச்சரித்தது. அதே வகைப் பெட்டிகள் எங்கள் ஊரிலும் நடைபாதையில்கூட விற்கின்றன. படம் திருட்டுப் போகாமல் இருக்க வைட்வைன் என்ற பூட்டு இருக்கிறது. அதன் மேல்நிலைச் சான்று இல்லாத பெட்டியில் நெட்பிளிக்ஸ் திறந்தாலும் மங்கலான படம்தான் வரும். பெட்டியின் அட்டையில் "4கே" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்கியவர் பேனலில் பிழை என்று என்னிடம் தூக்கி வருவார். பாதுகாப்புக்கான சான்று வேறு, போட்டியாளரை வெளியே நிறுத்துவதற்கான நிபந்தனை வேறு. இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் கலந்து கிடக்கும்போது பிரித்துப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும். கடைக்காரனால் அது முடியாது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

உங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, போட்டிக்கு எதிரான நடைமுறை இருக்கிறதா என்று நீங்களாகவோ, எவர் ஒருவரின் முறைப்பாட்டின் பேரிலோ விசாரிக்கலாம் என்கிறது. 35ஆம் பிரிவு பொருட்களோடு சேவைகளையும் உள்ளடக்குகிறது. போட்டியைக் கட்டுப்படுத்தும், திரிக்கும், தடுக்கும் நடத்தை எதுவும் அதற்குள் வரும். அந்த நோக்கம் இருந்தாலே போதும். விசாரித்த பின் விஷயத்தை நுகர்வோர் அலுவல்கள் பேரவைக்கு அனுப்ப உங்களுக்கு வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் இருந்த ஏகபோகம், கம்பனி இணைப்பு பற்றிய அதிகாரங்கள் 2003இல் கைவிடப்பட்டது இந்த நாட்டுக்கு நட்டம்தான். அவற்றைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியது பாராளுமன்றம். ஆனால் மிஞ்சியிருக்கும் 34, 35ஆம் பிரிவுகளே இந்த விசாரணையைத் தொடங்கப் போதும். இலங்கையில் ஸ்மார்ட் ரிவி பொருத்துகிற, இறக்குமதி செய்கிற கம்பனிகளை அழைத்து, உங்கள் உரிம ஒப்பந்தத்தில் இந்தியாவில் கைவிடப்பட்ட நிபந்தனைகள் இன்னும் இருக்கின்றனவா என்று ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். இந்த மடலையே 34ஆம் பிரிவின் கீழ் ஒரு முறைப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது 13ஆம் பிரிவு. உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி உங்களிடம் முறையிடலாம் என்று அது சொல்கிறது. ஆனால் விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மின்விசிறிக்கோ கேத்தலுக்கோ 3 மாதம் சரியாக இருக்கலாம். செயலி 3 மாதத்துக்குள் நிற்பதில்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடம் நன்றாக ஓடிவிட்டு ஓர் அப்டேட்டோடு நின்றுபோகும். அன்றைக்கு உங்கள் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் காலம் கடந்துவிட்டது. ரிவி வாங்கிய பற்றுச்சீட்டை கடவுள் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கும் வயதானவர்களிடம் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகாலம் சேவை தருவதாகச் சொல்லி விற்கும் கருவிக்கு, அந்தச் சேவை நின்ற நாளிலிருந்து 3 மாதம் எண்ணப்பட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டுமானால் அமைச்சுக்கு எழுதுங்கள். அதுவரை பொறுத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது.

அது 10ஆம் பிரிவு. சிட்டை (லேபல்), விலை குறித்தல், பொதி, விற்பனை பற்றி வியாபாரிகளுக்குப் பொதுவான பணிப்புரை கொடுக்கலாம் என்கிறது. அரிசிப் பைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் கொடுக்கும் பணிப்புரையை இந்தப் பெட்டிகளுக்கும் கொடுங்கள். கூகுளின் சான்று உள்ளதா இல்லையா, வைட்வைனின் எந்த நிலை, நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய சேவைகள் முழுத் தெளிவில் ஓடுமா, பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம்வரை கிடைக்கும், இவை எல்லாம் பெட்டியின் வெளியே எழுதப்பட்டிருக்க வேண்டும். முக்கியமாக, ரிமோட்டில் பொத்தானும் அட்டையில் சின்னமும் போட்டு ஒரு செயலியைக் காட்டி விற்கிறவர், அது குறைந்தது வொரண்டி காலம் முடியும்வரை அந்தக் கருவியில் ஓடும் என்று பொறுப்பேற்க வேண்டும். ஓடாவிட்டால் ஒரு நியாயமான தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தானுக்காகச் செயலிக் கம்பனிகள் கருவிக் கம்பனிகளுக்குக் காசு கொடுக்கின்றன. ஆகவே அது விளம்பரம். விளம்பரம் பொய்த்தால் 30, 31ஆம் பிரிவுகள் பேச வேண்டும்.

இந்தப் பணிப்புரை வந்தால் என்னைப் போன்ற கடைக்காரருக்குத்தான் வேலை கூடும். அட்டை பார்க்க வேண்டும், வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும், சிட்டை இல்லாத சாமானைத் திருப்பி அனுப்ப வேண்டும். பரவாயில்லை. விற்ற முகத்தைத் திரும்பப் பார்க்க வெட்கப்படுவதைவிட அது மேல். எங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். மலிவுப் பெட்டியில்தான் ஓரளவு இலாபம் நிற்கிறது என்பது உண்மை. அதனால்தான் இது தனித்தனியாக நல்லவர்களின் மனச்சாட்சிக்கு விடப்படக்கூடாது. எல்லோருக்கும் ஒரே நாளில் வர வேண்டும்.

இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் இதில் கூட்டிக்கொள்ளுங்கள். வைஃபை, புளூடூத் உள்ள கருவிகள் வியாபாரத்துக்காக உள்ளே வரும்போது அவர்களின் அங்கீகாரம் வேண்டும். அலைவரிசையைப் பார்க்கும் அதே விண்ணப்பத்தில் அப்டேட் காலத்தையும் சான்றையும் கேட்க ஒரு பக்கம் சேர்த்தால் போதும். ஏமாற்றுப் பெட்டி துறைமுகத்திலேயே நிற்கும். நடைபாதைக்கு வந்த பின் அதைத் தேடிப் பிடிக்க உங்கள் அதிகாரிகளால் முடியாது.

"இரண்டு கோடி சொச்சம் பேர் உள்ள நாடு கேட்டால் அவர்கள் கேட்பார்களா?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். வரி விஷயத்தில் நாங்கள் அப்படி யோசிக்கவில்லையே. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக இங்கே சேவை விற்கும் கம்பனிகளும் வற் வரிக்குள் வரும்படி 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியிலிருந்தும் ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியிலிருந்தும் இங்கே சந்தா எடுக்கின்றன. வரி கேட்கும்போது இலங்கைப் பாவனையாளர் கண்ணுக்குத் தெரிகிறார் என்றால், அவருக்கு அநியாயம் நடக்கும்போதும் தெரிய வேண்டும். இந்தியா, கொரியா ஆகிய நாடுகளில் கம்பனிகள் ஏற்கனவே ஏற்றுக்கொண்ட, அல்லது அபராதம் விதிக்கப்பட்ட விஷயத்தையே நாங்கள் கேட்கிறோம். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

உள்ளூர் அலைவரிசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரித்தானியா 2024இல் கொண்டுவந்த ஊடகச் சட்டம், பிபிசி போன்ற பொது ஒளிபரப்பாளரின் செயலி ஸ்மார்ட் ரிவியில் எளிதாகக் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அவுஸ்திரேலியாவும் அதே வருடம் இதற்குச் சட்டம் இயற்றியது. இங்கே வசந்தம், நேத்ரா, சக்தி என்று தமிழில் வரும் அலைவரிசைகள் உண்டு. வெள்ளம், சூறாவளி என்றால் திருகோணமலைக் கரையோரத்தில் முதலில் தமிழ்ச் செய்திதான் தேவை. அன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு இணையத்துக்கு மட்டும் மாறிய வீடுகளில் ரிவியைப் போட்டதும் முன்னால் நிற்பது காசு கொடுத்து இடம்பிடித்த வெளிநாட்டுச் செயலிகள்தான். உள்ளூர்ச் செய்தியைத் தேட ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். இது உங்கள் சபையால் மட்டும் ஆகிற காரியம் இல்லை, ஊடக அமைச்சும் சேர வேண்டும். ஆனாலும் மேலே சொன்ன விசாரணையில் முகப்புத் திரையில் யாருக்கு எந்த இடம், எந்த அடிப்படையில் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

நான் உங்களிடம் எதிர்பார்க்கும் முதல் வேலை பெரியது அல்ல. இந்த விசாரணையை அறிவித்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் ஓர் அமர்வைத் திருகோணமலை மாவட்டச் செயலகத்தில் வையுங்கள். தமிழில் நடத்துங்கள், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் பிரதேச செயலகங்களிலும் அறிவித்தல் ஒட்டுங்கள். கொழும்பில் நடந்தால் இந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள், வர முடியாது. பணிப்புரையின் வரைவையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். சிட்டையில் தமிழும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காக இந்தப் பாடு?

அமர்வுக்கு நான் வருவேன். செயலி நின்றுபோனதால் என் கடையில் விட்டுச் சென்ற பெட்டிகளையும், உரியவர்கள் சம்மதித்த பற்றுச்சீட்டுகளின் நகல்களையும் கொண்டுவருவேன். ஒவ்வொன்றும் எந்த மாடல், எந்த மாதம் வாங்கியது, எந்த அப்டேட்டோடு நின்றது என்று குறித்து வைத்திருக்கிறேன். இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில், தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ரிவி விற்பவரும் திருத்துபவருமான ஒருவர்
திருகோணமலை